மதிப்பெண் தாளும் மாத்திரை அட்டையும்

லேசான அறிதிறன் குறைபாடு என்பது மறதி நோய் அல்ல. வயதுக்கேற்ற சாதாரண மறதியும் அல்ல. நினைவோ கணக்கோ சறுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியும். அமெரிக்க நரம்பியல் அகாதமியின் 2018 வழிகாட்டுதல்படி 60–64 வயதினரில் 6.7 விழுக்காட்டினருக்கும் 80–84 வயதினரில் 25.2 விழுக்காட்டினருக்கும் இந்நிலை உண்டு. இதற்கென்று உறுதியான சான்றுள்ள மருந்து எதையும் அது பரிந்துரைக்கவில்லை. மருந்து கைகொடுக்காத இடத்தில் செவிலியர் பராமரிப்பே சிகிச்சையாகிறது. அந்தப் பராமரிப்பில் தேர்வுத் தாளுக்கும் நினைவுப் பயிற்சிக்கும் தகுதிக்கு மீறிய இடம் தரப்படுகிறது என்பதே என் கணிப்பு.

அறிதிறனை அளக்கும் மொகா தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2005இல் கனடாவிலிருந்து வந்த இது 30 மதிப்பெண்ணுக்கானது. 26க்குக் கீழே போனால் சந்தேகம். கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், கடிகாரப் படம் போட வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். படிப்பு குறைந்தவருக்கு ஒரு மதிப்பெண் சலுகை. பென்சிலே பிடித்திராத மூதாட்டிக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி இந்தியில் ஒரு தேர்வை ஹரியானாவின் பல்லப்கரில் 1990களில் உருவாக்கினார்கள். ஆக, கருவியைத் திருத்த முடியும். திருத்திய கருவியும் ஒரு நாள் காலை நிலவரத்தைத்தான் சொல்லும். முந்தின இரவு தூங்காதவர், காது மந்தமானவர், பதற்றப்பட்டவர் எல்லோரும் அதில் மதிப்பெண் இழப்பார்கள்.

பயிற்சியின் பலனும் அளவோடுதான். அமெரிக்காவில் மறதி நோய் இல்லாத 2,832 முதியவர்களிடம் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு 2002இல் வெளியானது. நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவுத் தேர்வில் தேறினார்கள். இரண்டாண்டு முடிவில் அன்றாட வேலைகளில் வித்தியாசம் தெரியவில்லை. (பத்தாண்டு கழித்து, வேலைச் சிரமம் குறைவு என்று அவர்களே சொன்னதையும் மறைக்கக் கூடாது.) செவிலியரின் கண்ணுக்கு இதைவிடப் பெரிய வேலை மாத்திரைப் பையில் இருக்கிறது. மாதக் கடைசியில் இரவு மாத்திரை அட்டையில் மட்டும் பத்து மிச்சமிருந்தால், சறுக்கல் எந்த நேரத்தில் என்று தெரிந்துவிடும். அதே பையில் சளிக்கு வாங்கிய சிபிஎம் மாத்திரை, நரம்பு வலிக்கு எழுதிய அமிட்ரிப்டிலின் கிடக்கலாம். இரண்டுமே முதியவர்களின் மூளையை மந்தப்படுத்தக் கூடியவை. ரத்த அழுத்தத்தின் பங்கு இன்னும் தெளிவு: 2019இல் வந்த 'ஸ்பிரின்ட் மைண்ட்' முடிவில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. மறதி நோய் அதே உறுதியோடு குறைந்ததாக நிறுவ முடியவில்லை. இருந்தும், எந்தப் புதிர்ப் புத்தகமும் இவ்வளவு சாதித்ததில்லை.

தேர்வு வைக்காவிட்டால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கலாம். அறிகுறியற்ற முதியோர் எல்லோருக்கும் சோதனை வைப்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல் சொல்லிவிட்டது. சறுக்கல் தென்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பட்டும். தேர்வுக்கு அங்கே இடமுண்டு. இன்னொரு கேள்வி வேலைப்பளு பற்றியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அந்த ஊழியர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள் என்பது நியாயம்தான். ஆனால் தனிப் பயிற்சியும் தனி நேரமும் கேட்பது தேர்வு. கொடுத்த மாத்திரையில் மிச்சத்தை எண்ணுவது போன வேலையோடு முடியும்.

கடினமான ஆட்சேபம் வீட்டாரிடமிருந்து வருகிறது: அடுப்பை அணைக்க மறந்தால் யார் பொறுப்பு? முதலில் சமையலைப் பறிக்கிறார்கள், அப்புறம் ரேஷன் கடைக்குப் போவதை, அப்புறம் கைச்செலவுப் பணத்தை. லேசான குறைபாடு உள்ளவரை முழு நோயாளி ஆக்குகிற வேலை இது. பாசத்தோடு நடப்பதால் யாரும் தட்டிக்கேட்பதில்லை. செவிலியர் கேட்கலாம். அடுப்பு ஆபத்தென்றால் சமைக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை அந்த ஒருவரே மூடட்டும். குழம்பின் பதத்தை அம்மாவே பார்க்கட்டும். வருகைப் பதிவேட்டில் ரத்த அழுத்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் வேண்டும்: போன மாதம் செய்த எந்த வேலையை இந்த மாதம் செய்யவில்லை, தானாக விட்டாரா, பிறர் பிடுங்கினார்களா.