பத்து லட்சமா, ஆறரை லட்சமா?

சேலம் அம்மாபேட்டையில் சேலை, வேட்டி விற்கிறவருக்கு நீங்களும் நானும் வியாபாரம் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் விலை, நெசவுக் கூலி, யார் எவ்வளவு பாக்கி எல்லாம் மனப்பாடம். அதே ஆளிடம், ஆன்லைன் கம்பெனி தருகிற டி.டி.எஸ். சான்றிதழை நீட்டிப் பாருங்கள். திருதிருவென்று முழிப்பார். தப்பு அவர் மேல் இல்லை சார், படிவத்தின் மேல்!

ஒரு கணக்கு போடுவோம். ஜி.எஸ்.டி.யை ஒதுக்கி வையுங்கள். வருடத்தில் 10 லட்ச ரூபாய்க்கு ஆன்லைனில் சேலை விற்கிறீர்கள். அதில் 2 லட்ச ரூபாய் சரக்கு 'கலர் பிடிக்கலை' என்று திரும்பி வருகிறது. கமிஷன், கூரியர் என்று கம்பெனி ஒன்றரை லட்சம் எடுத்துக்கொள்கிறது. பேங்குக்கு வருவது சுமார் ஆறரை லட்சம். படிவத்தில் இருப்பது? பத்து லட்சம்!

காரணம், மொத்த விற்பனைத் தொகை மீது வரி பிடிக்கச் சொல்கிறது சட்டம். 2020 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. 1 சதவீதமாக இருந்த பிடித்தம் 2024 அக்டோபரில் 0.1 சதவீதமாகக் குறைந்தது. நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்தான். ஆனால், அந்த ஆயிரத்தோடு '10 லட்சம்' என்ற எண்ணும் உங்கள் பான் நம்பரில் போய் ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் வம்பு.

உத்தேச வருமானத் திட்டத்தில் டிஜிட்டல் வரவுக்குக் குறைந்தது 6 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். படிவத்தை நம்பினால் 60,000. பேங்க் பாஸ்புக்கை நம்பினால் 39,000. ரெண்டுமே தப்பு! திரும்பி வந்த சரக்கு விற்பனையே இல்லை, கழித்துவிடுங்கள். கமிஷன் செலவு. மீதி 94 சதவீதத்தில் அது அடக்கம், தனியாகக் கழிக்கக்கூடாது. ஆக விற்பனை 8 லட்சம், லாபம் 48,000. இந்த 8 லட்சம் படிவத்திலும் இல்லை, பாஸ்புக்கிலும் இல்லை.

திரும்பிய சரக்குக்குப் பிடித்த வரியை அதே நிதியாண்டின் அடுத்த விற்பனையில் சரிக்கட்டலாம் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. சரி, மார்ச் கடைசியில் விற்று ஏப்ரலில் திரும்பினால்?

எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று கர்நாடகாவில் 2025 ஜூலையில் பார்த்தோம். யு.பி.ஐ. வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் பறந்தது. பயந்துபோனவர்கள் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். கடைசியில் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அரசே இறங்கி வந்தது. அமெரிக்காவின் 1099-கே படிவமும் மொத்தத்தைத்தான் சொல்கிறது.

விற்றது, திரும்பியது, கமிஷன்: மூன்று வரி. கம்பெனியின் கம்ப்யூட்டரில் மூன்றுமே இருக்கின்றன. சான்றிதழில் அச்சடிக்க என்ன கஷ்டம்? 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வரும்படி புதிய வருமான வரிச் சட்டமே எழுதினார்கள். பிரிவு எண்ணை மாற்றினார்கள், மொத்தத் தொகையை விடவில்லை.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: மாதாமாதம் கம்பெனியின் செட்டில்மென்ட் அறிக்கையை டவுன்லோட் செய்து இந்த மூன்று வரியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைக்கு ஒரு பேங்க் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. மச்சானிடம் வாங்கிய கைமாற்று கடைக் கணக்குக்கு வர வேண்டாம். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவது அந்த நோட்டுதான்.