பெயரில் இருக்கும் கருப்பை

மலாய் மொழியில் 'அனாக்' என்றால் பிள்ளை. அதன் முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்தால் 'பெரனாக்கான்'. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூரில் பல தலைமுறைகளாக வாழும் சீன வம்சாவளியினரை இச்சொல்லால் அழைக்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்தவர் என்று பொருள். அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: கருப்பை.

புதிதாகக் கப்பலிறங்கிய சீனருக்கு ஹொக்கியன் மொழியில் வேறு பெயர்: 'சிங்கே', புது விருந்தாளி. விருந்தாளியின் வம்சத்தை மண்ணின் பிள்ளைகளாக்கியவர் யார்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சீனப் பெண்கள் கடல் கடந்து வருவது அரிது. வணிகர்கள் அங்கிருந்த பெண்களோடுதான் குடும்பம் நடத்தினார்கள். பாலியிலிருந்தும் சுமத்ராவின் பத்தாக் நிலத்திலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் குடும்பப் பெயர் தந்தையுடையது. மூதாதையர் வழிபாடும் தந்தைவழியில்தான்.

அந்தத் தாய்மார்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது ஹங் லி போ என்ற சீன இளவரசியின் பெயர். 500 பேர் சூழ வந்து சுல்தான் மன்சூர் ஷாவை மணந்தாள் என்கிறது 'செஜாரா மெலாயு'. மிங் அரசின் ஆவணங்களில் அவளைப் பற்றிய குறிப்பே இல்லை. வாழ்ந்த அடிமைப் பெண்ணுக்குப் பெயரில்லை. வாழ்ந்ததற்குச் சான்றில்லாத இளவரசிக்குப் பெயருண்டு. வம்சத்துக்கு எப்படிப்பட்ட தாய் வேண்டும் என்பதையும் வரலாறு தன் விருப்பப்படி தேர்ந்துகொள்கிறது.

அழிக்க முடியாத சாட்சி மொழியில் இருக்கிறது. பாபா மலாயில் 'நான்' என்பதற்கு 'குவா', 'நீ' என்பதற்கு 'லு'. இரண்டும் ஹொக்கியன். மொழியின் பெரும்பகுதியோ மலாய். பிள்ளைக்குப் பேச்சு வந்தது தாயின் மடியில்தான் என்பதற்கு இதைவிட வேறு ஆவணம் வேண்டுமா? ஆனால் 2008இல் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் பெரும் வரவேற்பைப் பெற்ற 'தி லிட்டில் நியோன்யா' தொடரில் நியோன்யாக்கள் மாண்டரின் பேசினார்கள். கெபாயாவும் மணிவேலைச் செருப்பும் சமையலும் திரைக்கு வந்தன. அவற்றைக் கையளித்த பெண்ணின் மொழி வரவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. மலாக்காவில் தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகத்தின் பெயர் 'சிட்டி', நம் 'செட்டி'தான். அவர்களும் வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். அங்கே சமூகத்தின் பெயராக நின்றது தந்தையின் தொழில். பெரனாக்கான் என்ற சொல்லாவது கருப்பை இருந்ததை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதுவும் உறுப்பைத்தான் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை.

ஒரு சமூகத்தின் பெயர்க்காரணத்தை ஆராயும் மாணவி வேர்ச்சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பெயருக்குள் எந்தப் பெண் பெயரில்லாமல் இருக்கிறாள் என்பதையும் கேட்க வேண்டும்.