தட்டில் எடுத்த வசனம்

டிசம்பர் 31 இரவு. பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம், பெந்தெகொஸ்தே சபையானாலும் காட்சி பெரிதாக மாறாது. பன்னிரண்டு அடித்ததும் மணியோசை, கைகுலுக்கல், வாழ்த்து. பிறகு ஒரு தட்டு வரும், அதில் கவிழ்த்து வைத்த சிறு அட்டைகள். பாட்டி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். பேத்தி வாசித்துக் காட்டுவாள். அந்த ஒற்றை வசனம் ஃபிரிட்ஜ் கதவிலோ ஆட்டோவின் முன்கண்ணாடியிலோ அடுத்த டிசம்பர் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்குத்தத்த வசனம் என்று அதற்குப் பெயர்.

கிளி ஜோசியக்காரரைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் குடும்பம் இப்படிச் சீட்டு எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சிரித்துவிட்டுப் போனால் பாதிதான் புரியும். வேலை பறிபோன வீட்டுக்கும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டுக்கும் அந்த அட்டை ஏதோ ஒன்றைச் செய்கிறது.

இந்த வழக்கத்துக்குப் பழைய உறவினர் ஒருவர் ஜெர்மனியில் உண்டு. மத ஒடுக்குமுறைக்குத் தப்பி மொராவியாவிலிருந்து வந்தவர்கள், 1722-இல் சாக்ஸனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்தார்கள். 1728 மே 3 மாலை, மறுநாளுக்கான வாசகம் ஒன்றைப் பிரபு அவர்களுக்குக் கொடுத்தார். அதிலிருந்து தினமும் ஒரு வாசகம் வீடு வீடாகச் சென்றது. 1731-க்கான வாசகங்கள் புத்தகமாகவே வந்தன. இன்றுவரை ஆண்டுதோறும் வருகின்றன. இதே மொராவியர்தாம் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஹெர்ன்ஹூட் முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். ஆனால் அதோடு சேரும் புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டு தீர்மானிப்பதில்லை. ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, பொருத்துகிறார். தற்செயலுக்குப் பக்கத்திலேயே வாசிப்பும் இருக்கிறது. தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது என்பது இதன் பெரிய பலம். துக்கத்தில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்கும். வெளியிலிருந்து வரும் ஒரு வரி அந்தச் சுழலை அறுக்கும். அதே வரியை அன்று இன்னும் ஆயிரம் பேர் வாசிக்கிறார்கள் என்பது தனிமையையும் குறைக்கும். தமிழ் அட்டைக்கும் இந்தப் பலத்தில் பங்கு உண்டு. ஒரு அதிகாரத்தைப் படிக்கத் தெம்பில்லாதவர்கூட ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம்.

சிக்கல், வசனம் அட்டைக்குள் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது: எந்த வசனங்கள் தட்டுக்கு வருகின்றன, எவை வருவதேயில்லை என்பதில். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட முடிவில் இல்லை. அதை அச்சடித்துப் பூப்படம் போட்டு யாரும் விற்பதில்லை. மாறாக 91-ஆம் சங்கீதம் வாட்ஸப்பில் 2020 முழுக்கச் சுற்றியது, கொள்ளைநோய் அண்டாது என்ற உறுதியாக. அந்தச் சங்கீதத்தையே தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் எடுத்துச் சொன்னது யார் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பார்க்கலாம். சோதனைக்காரனும் வசனம் அறிந்தவன்தான்.

அட்டைகளின் ராஜா எரேமியா 29:11. நன்மையான முடிவைத் தர நினைக்கிறேன் என்று கடவுள் பேசும் வசனம். யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு, ஒரு கடிதமாக. அதற்கு முந்தைய வசனத்தில் ஒரு எண் இருக்கிறது: 70 ஆண்டு. கடிதம் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பமாட்டார்கள் என்பதுதான் இதன் நேர்ப்பொருள். அதனால்தான் எரேமியா அவர்களை அங்கேயே வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போடச் சொல்கிறார், சிறைப்பிடித்த ஊரின் நலனுக்கே ஜெபிக்கச் சொல்கிறார்.

முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எல்லார் முன்னிலையிலும் உடைத்து, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கூட்டத்துக்குப் பிடித்திருக்கும். அவர் சொன்னது பொய் என்கிறது வேதம். எழுபதை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் அச்சடித்து, இந்த டிசம்பருக்குள் நடக்கும் என்று கொடுக்கும்போது அட்டையில் இருப்பது எரேமியாவின் பெயர், பேசுவது அனனியா.

இதற்கான விலையைக் கொடுப்பவர் அட்டையை எடுத்தவரே. ஆண்டு மோசமாகப் போனால் வாக்குத் தவறியது யார்? கடவுளைச் சொல்ல முடியாது, போதகரைச் சொல்லப் பயம். விசுவாசம் போதவில்லை என்ற பழி நோயாளியின் தலையிலேயே விழும். வலியோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். ஆறுதலாகத் தொடங்கிய ஒரு பழக்கத்தில் இதைவிடக் கொடிய திருப்பம் இருக்க முடியாது.

ஜான் வெஸ்லி 1755-இல் மெதடிஸ்டுகளிடையே தொடங்கிவைத்த உடன்படிக்கை ஆராதனை நேரெதிர்த் திசையில் போகிறது. அங்கே மனிதர்தாம் வாக்குக் கொடுக்கிறார்கள்; உழைக்க வைத்தாலும் துன்பப்பட வைத்தாலும் உம்முடையவன் என்று. மெதடிஸ்டுகளும் சேர்ந்து 1947-இல் உருவானதுதான் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை. ஆனாலும் நம் ஊர்ப் புத்தாண்டு இரவில் கூட்டம் முண்டியடிப்பது தட்டருகேதான்.

ஹெர்ன்ஹூட்டின் வாசக நூலை நாள்தோறும் பயன்படுத்தியவர்களில் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் ஒருவர். 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார். 26-ஆம் தேதி, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவைக் கேட்கும் வசனம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. இதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். சூழலிலிருந்து வெட்டியெடுத்த வசனம்தான், மறுக்க முடியாது. ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தங்கும் வாய்ப்பை அவர் 20-ஆம் தேதியே மறுத்திருந்தார். மனசாட்சி ஏற்கெனவே செய்துவிட்ட முடிவுக்கு வசனம் துணை நின்றது. போனதும் வசதியை நோக்கி அல்ல, ஹிட்லரின் ஜெர்மனியை நோக்கி.

1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பவேரியாவின் ஷோன்பெர்க் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மற்றக் கைதிகளோடு அடைக்கப்பட்டிருந்தார். ஆராதனை நடத்தும்படி கேட்டார்கள். கைதிகளில் கடவுள் நம்பிக்கையற்ற சோவியத் அதிகாரி கோகோரினும் இருந்ததால் தயங்கினார். கோகோரினும் கேட்டுக்கொண்ட பிறகே சம்மதித்தார். அந்த நாளுக்குரிய வசனங்கள் இரண்டு: காயங்களால் வரும் சுகத்தைப் பற்றிய ஏசாயா 53:5, உயிருள்ள நம்பிக்கையைப் பற்றிய 1 பேதுரு 1:3. விடுதலை கிடைக்கும் என்று இரண்டிலும் இல்லை. விளக்கிப் பேசி ஜெபித்து முடித்தார். உடனே கதவு திறந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூட வரச் சொன்னார்கள்.