நாடக வாத்தியார்

தஞ்சோங் பகார்த் துறைமுக வேலையை நம்பி வாழ்ந்த தமிழருள், கடையநல்லூர், தென்காசி முதலிய தென்பாண்டி ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தோர் பலர். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்திலேயே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். பள்ளியில் பாடஞ் சொல்பவரை வாத்தியார் என்பது அவர்தம் ஊர் வழக்கு. அவர்கள் விட்டுவந்த ஊர்களில் மற்றொரு வாத்தியாரும் உண்டு. நாடகம் எழுதி, பாட்டுக்கு மெட்டமைத்து, நடிகருக்குப் பயிற்சி தந்து, மேடையேற்றும் வரை பொறுப்பேற்பவர் அவர். இன்று இயக்குநர் என்று சொல்லப்படுபவரை அன்றைய நாடக உலகம் வாத்தியார் என்றே அழைத்தது.

அவ்வாத்தியார்களுள் தலையாயவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்னும் பெயர் அவருக்கு வழங்குகிறது. ஆயினும் நாடக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அவரை நூலாசிரியராக மட்டுமே மதிப்பிடுகின்றனர். பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி என 40க்குக் குறையாத நாடகங்களை எண்ணிக் காட்டி, அச்சில் உள்ளவற்றைப் பம்மல் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்களோடு ஒப்பிட்டு, 'பழமையானவை, பாட்டு மிகுந்தவை' என்று முடித்துவிடுகின்றனர். இம்முடிபு ஆராயத்தக்கது. மேடைக்கென எழுந்த ஒன்றை ஏட்டில் மட்டும் வைத்து நிறுப்பது எவ்வாறு பொருந்தும்?

சுவாமிகள் உப்புப் பண்டகசாலைக் கணக்கு வேலையை விட்டு நாடகத்திற்கு வந்த 1891ஆம் ஆண்டிலேயே முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கற்றோர் பொழுதுபோக்காக நடித்த சபை அது. சுவாமிகள் புகுந்ததோ கூலிக்கு நடிப்போர் மேடை. அம்மேடையில் பாட்டுக்கு வரையறை இருந்தது, வசனத்திற்கு இல்லை. நடிகர் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசினர். சொல்வல்லமை உடையவர், உடன் நடிப்பவரைக் கதைக்குப் புறம்பான கேள்விகளால் மடக்கிக் கைதட்டல் வாங்கினார். கதை நடுவிலேயே நின்றுவிடும்.

இந்நிலையைச் சுவாமிகள் மாற்றினார். வசனத்தை எழுதி வைத்தார். அதனைப் பாட்டோடு பிணைத்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற யாப்பும், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பால் வாய்த்த லயஞானமும் இதற்குத் துணை நின்றன. இன்னார் இன்ன இடத்தில் இன்னது பேசுதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு பிறந்தது. நடிகர் விருப்பத்தைக் கதைக்கு அடங்கச் செய்தலே இயக்குநர் பணியின் தொடக்கம் எனலாம். ஐரோப்பாவில் இப்பணி தனித் தொழிலாகத் தலையெடுத்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். ஜெர்மனியின் மைனிங்கன் கோமகனது குழு 1874 முதல் 1890 வரை ஊர் ஊராகச் சென்று ஒழுங்கமைந்த மேடை எது என்பதைக் காட்டியது.

வளர்ந்த நடிகர்கள் கட்டுப்பாட்டிற்கு எளிதில் இணங்கவில்லை. ஆகவே சுவாமிகள் சிறுவரை நாடினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற தி. க. சண்முகம் தம் 6ஆம் வயதில் சேர்ந்தது இங்கேதான். அதே 1918இல் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, மாஸ்கோ நகரப் போல்ஷோய் அரங்கின் இசைநாடகப் பாடகருக்கென ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். பாடத் தெரிந்தவர்க்குப் பொருளுணர்ந்து நடிக்கக் கற்பித்தல் அவர் நோக்கம். சுவாமிகளோ எழுத்தறியாச் சிறுவர்க்கும் பேச்சு, பாட்டு, நடிப்பு மூன்றையும் ஒருங்கே கற்பித்தார். ஒருவரையொருவர் அறியாத இருவரும் சொல்லும் இசையும் நடிப்பும் பிரிந்து நிற்கலாகாது என்ற ஒரே கருத்துடையராயிருந்தனர்.

இனி, பாட்டு மிகுதி என்ற குற்றச்சாட்டு. சாகும் தறுவாயிலும் பாடுவது இயற்கையா என்று கேட்பர். இத்தாலிய இசைநாடகத்தை அவ்வாறு யாரும் கேட்பதில்லை. பாட்டே அங்கு மொழி என்று ஒப்புக்கொள்கின்றனர். சுவாமிகளின் சிறந்த இடங்களில் பாட்டு அலங்காரமன்று, வாதம். வள்ளிக்கும் நாரதருக்கும், சாவித்திரிக்கும் எமனுக்கும் நிகழும் தர்க்கங்களில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு விடையாகிறது. கதை அங்கேதான் நகர்கிறது. ஆயினும் எல்லாப் பாட்டும் இத்தகையன என்று கூறுதல் பொருந்தாது. நடிகர் குரலைக் காட்டவே நிற்கும் பாட்டுகளும் உள. அவற்றைக் குறைத்தால் நாடகம் இழப்பது ஒன்றுமில்லை.

இதனினும் கடுமையான குறை ஒன்று உண்டு. பாலர் சபை முறை சிறுவரைப் பெற்றோரிடமிருந்தும் பள்ளியிடமிருந்தும் பிரித்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் நேற்றுவரை கதாநாயகனாக நின்ற பையன் பின்வரிசைக்குப் போனான். அவன் எதிர்காலத்திற்கு அம்முறையில் வழி அமைக்கப்படவில்லை. அது காலத்தின் குறை, ஒருவர் குறையன்று எனச் சமாதானம் கூறலாம். ஆனால் தலைமையாசிரியர் என்று போற்றும்போது, மாணவருக்கு நேர்ந்ததையும் கணக்கில் சேர்த்தல் நேர்மையாகும்.

1921இல் பக்கவாதம் சுவாமிகளை முடக்கியது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவர் பயிற்சிமுறையைத் தி. க. சண்முகம் சகோதரர்கள் 1925இல் தாங்கள் தொடங்கிய சபையில் காத்தனர். அவர் எழுத்தோ வேறு திசையில் சென்றது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகங்களில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகை எதுவுமின்றி அன்றிரவே மேடையில் கூடி, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்துகின்றனர். அனைவருக்கும் பாடம் ஒன்றே என்பதால் இது இயலுகிறது. இயக்குநரே வேண்டாத அளவிற்கு ஓர் இயக்குநர் தம் பணியை நிலைநிறுத்திவிட்டார் என்று வியக்கலாம். ஆனால் மேற்பார்ப்பார் இல்லாத அம்மேடையில் பழைய வாய்வீச்சு மீண்டும் புகுந்துள்ளதையும் காண்கிறோம். எழுதிய வசனம் நிலைத்தது; அதனைக் காக்கும் ஒத்திகை நிலைக்கவில்லை. சுவாமிகளின் வெற்றியும் தோல்வியும் இவ்விரண்டில் அடங்கும்.

உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழைக் கற்பிக்கும் பொறுப்பு இன்று வேறு பள்ளிகளில், வீட்டில் தமிழ் அதிகம் கேளாத பிள்ளைகளை எதிர்நோக்கி நிற்கிறது. அவர்கள் பள்ளி நாடகத்திற்கு மனப்பாடம் செய்யும் வசனம் பொருளறியாது ஒப்புவிக்கப்பட்டு, விழா முடிந்ததும் மறந்துபோகிறது. 'யாரிடம் பேசுகிறாய், அவர் சொன்னதற்கு இது எப்படி விடையாகும்?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டு ஒத்திகை நடத்தினால், அவ்வசனம் பிள்ளையின் சொந்தப் பேச்சாகும். சுவாமிகளின் நாடகங்களை இன்று அப்படியே மேடையேற்ற வேண்டும் என்பதில்லை. அவருடைய தர்க்கம் ஒன்றை வகுப்பில் இரு மாணவரிடம் பிரித்துக் கொடுத்து, ஒரு வாரம் ஒத்திகை பார்த்தலே போதுமானது.