36 குழந்தைகள், ஒரு மரபணு

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 1974-ல் வந்த கட்டுரையை மறுபடி படிச்சேன். கக்குவான் இருமல் தடுப்பூசிக்குப் பிறகு வலிப்பு, மூளை பாதிப்பு என்று 36 குழந்தைகளின் விவரம். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி போடாத குழந்தைகளில் எத்தனை பேருக்கு அதே வயசில் வலிப்பு வந்தது? அந்த ஒப்பீடே அதில் கிடையாது. அதை வைத்தே பிரிட்டன் பயந்தது. ஊசி போடுவது சரிந்தது, கக்குவான் இருமல் திரும்பி வந்தது.

2006-ல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழு, தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்தது. 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ மரபணுவில் மாற்றம். டிராவே என்ற கடுமையான வலிப்பு நோயில் காணப்படும் அதே மாற்றம்தான். 14 பேர் சின்ன எண்ணிக்கை, ஒத்துக்கறேன். ஆனாலும் 14-ல் 11!

இதை வைத்து "ஊசிக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை" என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஊசி காய்ச்சல் தரலாம். டிராவே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரலாம். ஊசியை ஒட்டி வலிப்பு தொடங்கியவர்களுக்கு நோய் சில வாரம் முன்னதாகவே ஆரம்பித்ததாக அதே குழுவின் 2010 ஆய்வும் காட்டியது. பின்னாளைய அறிவு வளர்ச்சியில் மட்டும் வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரியே பிள்ளைக்கு வலிப்பு வந்ததைப் பார்த்த அம்மாவிடம் இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். வெறும் "தற்செயல்" என்றால் அவள் ஏன் நம்பப் போகிறாள்?