யாருடைய எலும்பு?

காரிமங்கலத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து ஆசனத்தில் வைத்தியம் படிக்கும் பையன் ஒருவன். மடியில் ஒரு துணிப்பை.

"பையில் என்ன, தம்பி?"

"எலும்பு, சார். பாடத்துக்கு."

"யாருடையது?"

"சீனியருடையது. போன வாரந்தான் விலைக்கு வாங்கினேன்."

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி அவன் பாடத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்காமலே பெரிதாக வளர்ந்த காட்சிசாலை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையின் உடற்கூற்றுக் காட்சிசாலையைச் சொல்கிறேன்.

1720 முதல் 1846 வரை அங்கே தந்தை, மகன், பேரன் என்று மூன்று மன்றோக்கள் உடற்கூற்றுப் பேராசிரியர்களாக இருந்தார்கள். அந்தக் குடும்பம் அறுத்துப் பதப்படுத்திச் சேர்த்தவற்றிலிருந்து பிறந்ததுதான் காட்சிசாலை. அதனால் வைத்திய சாஸ்திரம் அடைந்த நன்மையை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் மாணவர்கள் பெருகிய அளவுக்குப் பிணங்கள் கிடைக்கவில்லை. 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, அதே ஊரில் தனியாகப் பாடம் நடத்திய டாக்டர் ராபர்ட் நாக்ஸுக்கு உடல்களை விற்றார்கள். ஹேர் அரசாங்க சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829-இல் தூக்கிலிடப்பட்டான். மூன்றாம் மன்றோ அவன் உடலையே அறுத்துப் பாடம் நடத்தினார். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் பெயரோடு அங்கே நிற்கிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடந்தான் உறுத்துகிறது. கொலைகாரனுக்குப் பெயர் இருக்கிறது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் 'மாதிரி'களாகிவிட்டார்கள். இலங்கை வேடர்களின் ஒன்பது மண்டையோடுகள் நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சர்வகலாசாலையில் இருந்தன. 2019-இல்தான் அவை வேடர் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவர் கேட்டது விஞ்ஞானக் கேள்வி அல்ல, உறவுக் கேள்வி.

நாமும் இதில் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. 1985-இல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும் வரை, கல்கத்தாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் அயல்நாட்டு வைத்தியக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதியாயின. பணக்காரர் வீட்டு எலும்பு ஒன்றாவது அவற்றில் இருந்திருக்குமா?

காட்சிசாலைகளை மூடிவிடச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் பெயரை எழுதட்டும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றாவது எழுதட்டும். வெறும் எண்ணை ஒட்டிவிட்டால், கேட்பதற்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

தர்மபுரியில் பையன் இறங்கினான். "சீனியரிடம் விசாரித்துச் சொல்கிறேன், சார்" என்றான்.

சீனியர் யாரிடம் விசாரிப்பான்?