மௌனத்தைத் திரையில் காட்ட இயலுமா?

சிறந்த புதினம் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவரும்போது, கதையைச் சுருக்குவதே பெரும்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். நீண்ட கதையை வெட்டிக் குறைத்துவிடலாம். ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாது விட்டதை என்ன செய்வது? ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் சூசாகு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’ என்னும் புதினமும், அதைக் கொண்டு மார்ட்டின் ஸ்கோர்செசி 2016இல் அளித்த திரைப்படமும் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549இல் ஜப்பானில் விதைத்த விசுவாசம், 17ஆம் நூற்றாண்டில் கொடிய வேதகலாபனைக்கு உள்ளாயிற்று. தம் ஆசிரியர் ஃபெரைரா விசுவாசத்தை மறுதலித்தார் என்னும் செய்தியை நம்ப மறுத்து அங்கே செல்கிறார் ரொட்ரிகஸ் என்னும் இயேசு சபைக் குரு. காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்படுகிறார். குழியில் தலைகீழாய்த் தொங்கும் ஏழைக் கிறிஸ்தவர்கள் விடுவிக்கப்பட வேண்டுமாயின், கிறிஸ்துவின் திருவுருவத்தை அவர் மிதிக்க வேண்டும். மிதிக்கிறார்.

இக்கதையை எண்டோ ஒரே குரலில் சொல்லவில்லை. முற்பகுதியில் ரொட்ரிகஸ் எழுதும் மடல்கள் வழியே அவர் உள்ளத்தில் நாம் குடியிருக்கிறோம். பின்னர் ஆசிரியர் கதை சொல்கிறார். ஆண்டவரை இப்போது வேறொரு விதமாய் அன்பு செய்வதாக வீழ்ந்த குரு எண்ணுவதுவரை காட்டுகிறார். அதன்பின் கழிந்த நீண்ட ஆண்டுகளைப் பற்றி நம் கைக்கு எட்டுவது அலுவலர் ஒருவரின் வறண்ட நாட்குறிப்பு மட்டுமே. அதில் சில தடயங்கள் உண்டு, தீர்ப்பு இல்லை.

ஸ்கோர்செசி இதன் அருமையை அறியாதவர் அல்லர். படத்தில் பின்னணி இசை அரிதாகவே ஒலிக்கிறது. இருண்ட திரையில் பூச்சிகளின் ஒலி பெருகி, சட்டென அறுந்துபோக, அந்த அமைதியில் படம் தொடங்குகிறது. மௌனத்தை உணர்த்த இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் திரையின் இயல்பே அவருக்குத் தடையாகிறது. திருவுருவத்தை மிதிக்கும் வேளையில் ரொட்ரிகஸ் கேட்கும் குரல் ஏட்டில் எழுத்தாக மட்டுமே உள்ளது. அது ஆண்டவரின் குரலா, துயருற்ற மனிதனின் நெஞ்சமா என்று நாமே செவிமடுக்க வேண்டும். திரையிலோ அது ஒரு நடிகரின் தொண்டையிலிருந்து எழுந்தாக வேண்டும். கேட்டுவிட்ட குரல் நம் கற்பனையைக் குறுக்கிவிடுகிறது.

மற்றொன்று இறுதிக் காட்சி. எரியும் பெட்டிக்குள் காமிரா நுழைந்து, இறந்தவரின் கைகளுக்குள் ஒரு சிறு சிலுவையைக் காட்டுகிறது. இது புதினத்தில் இல்லை. மசாஹிரோ ஷினோடா 1971இல் எடுத்த படமோ எதிர்த்திசையில் சென்றது. எண்டோவும் பங்கேற்று எழுதிய திரைக்கதைதான். எனினும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பெண்ணைத் தழுவும் மனிதராக ரொட்ரிகஸைக் காட்டி அது முடிகிறது. ஒருவர் ‘காத்தார்’ என்கிறார். மற்றவர் ‘இழந்தார்’ என்கிறார். புதினம் இரண்டையும் சொல்லவில்லை.

இது கலை பற்றிய வழக்கு மட்டுமன்று. திருச்சபை பலரைப் புனிதர் என அறிவித்துள்ளது. எவரையும், யூதாசைக்கூட, நரகத்திற்குரியவர் என அறிவித்ததில்லை. ஆனால் நம் பங்குகளில் வீழ்ந்தவரைப் பற்றி நாம் எத்துணை விரைவில் தீர்ப்பு எழுதுகிறோம்! பிறர் ஆன்மாவின்முன் நாம் உண்மையில் நிற்கும் இடத்திலேயே, அதாவது வெளியிலேயே, எண்டோவின் நாட்குறிப்பு நம்மை நிறுத்துகிறது. பெட்டிக்குள் பார்ப்பது இறைவன் ஒருவருக்கே உரியது. ஸ்கோர்செசியின் சிலுவை அன்பினால் எழுந்த நம்பிக்கை என்பதை மறுக்க மாட்டோம். ஆயினும், அறியாமலே ஒருவரை இறைவனிடம் ஒப்படைக்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது.

படத்தைப் பாருங்கள், பார்க்கத் தகுந்ததே. பார்த்தபின், புதினத்தின் இறுதியில் உள்ள அந்த வறண்ட நாட்குறிப்பையும் பொறுமையாய்ப் படியுங்கள்.